இறந்தவரின் அக்கா

தாரணியைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இருந்தாலும், அவள் பெயரைப் போட்டுத் தேடினால் இன்று கிடைப்பது ஐந்து விநாடி வீடியோ ஒன்றும், அதற்கடியில் ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதிவைத்த வசவுகளும்தான். இருபத்தொன்பது வயதுப் பெண்ணைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றால் அது அநியாயம். அதனால் எழுதுகிறேன்.

அவள் பிறந்து வளர்ந்தது பிரேசர் டவுனில், பேக்கரிகள் இருக்கும் பெரிய தெருவுக்குப் பின்னால் ஓடுகிற ஒரு சந்தில். அப்பா கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கிறவர். அவள் பியூசி, அதாவது பன்னிரண்டாவது, படிக்கும்போதே வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மா தனக்கோடி ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. நான்கு வயது இளையவன் தம்பி நரேஷ். முன்னறையில் புத்தர் படம், அதன் கீழே டிவி, டிவிக்குப் பக்கத்தில் நரேஷ் கால்பந்தில் வாங்கிய இரண்டு கப்புகள். வீடு அவ்வளவுதான்.

அந்தச் சந்தில் தண்ணீர் வராவிட்டாலும், கரண்ட் கம்பம் சாய்ந்தாலும், போலீஸ் யாரையாவது பிடித்துக்கொண்டு போனாலும், பேசப் போகிறவள் தாரணி. தமிழ், கன்னடம், உருது மூன்றும் அவளுக்குத் தெருவிலேயே வந்தவை. கால் சென்டரில் மூன்று வருடம் இருந்ததில் ஆங்கிலமும் சேர்ந்துகொண்டது. இப்படிப் பேசுவதையே பிழைப்பாக வைத்துக்கொள்ள ஒரு படிப்பு இருக்கிறது என்று தெரிந்தபோது, சேர்த்து வைத்ததையெல்லாம் கட்டிச் சேர்ந்துவிட்டாள். ஒரு கம்பெனியின் சார்பாக மைக் முன்னால் நின்று பத்துப் பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதுதான் அவள் ஆசை. என்னிடம் சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

நானும் அங்கேதான் படித்தேன். ஊர் ஆம்பூர், பெயர் கிஷோர். பல்கலைக்கழகம் சந்தாபுராவையும் தாண்டி, வயலாக இருந்து பிளாட் போடப்பட்டு யாரும் வாங்காமல் கிடந்த பொட்டலுக்கு நடுவில் இருந்தது. ஊடகத் தொடர்பும் தொழில்முறைப் பேச்சுத்திறனும் சொல்லித்தருகிற இரண்டு வருட எம்.ஏ. பத்திரிகைக்காரனிடம் எப்படிப் பேசுவது என்று படிக்க இரண்டு வருடமா என்று என் அப்பா கேட்டார். படித்து முடித்தபிறகு நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன்.

பதினாறு பேர் வகுப்பு. பாதிப்பேர் வைட்ஃபீல்ட் அபார்ட்மெண்டுகளிலிருந்து காரில் வருகிறவர்கள். தாரணி சிவாஜிநகரில் ஒரு பஸ், சில்க் போர்டில் ஒரு பஸ் மாறி, வியர்த்துப்போய் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பாள். அறிக்கை எழுதுவதில் அவள்தான் கெட்டிக்காரி. எல்லாச் செய்தியும் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும், நிருபர் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குப் பாடம், அவளுக்குப் பழக்கம். பெங்களூரில் இருக்கிற கன்னட, தமிழ், உருதுச் செய்தி நிறுவனங்களின் எண்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தாள். நாங்கள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு எங்களுடையது என்று சமர்ப்பித்தோம்.

மூன்றாம் செமஸ்டரில் நெருக்கடி காலப் பேச்சு என்று ஒரு தாள் வந்தது. கம்பெனியில் தீப்பிடித்தால், யாராவது செத்தால், வெளியே என்ன சொல்வது என்பதற்கான பாடம். நிருபமா மேடம் எடுத்தார். முன்பு ஏதோ விமான கம்பெனியில் இருந்தவராம், குரலே உயராது. மன்னிப்பு என்ற சொல் வாயில் வரக்கூடாது, அது கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். வருத்தம் என்று சொல்லலாம். இறந்தவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். குடும்பத்தார் யாராவது கத்தினால் கேமராவைப் பார்க்காமல் அவர்களைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் சமையல் குறிப்பு மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொடுப்பார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒத்திகைப் பத்திரிகையாளர் சந்திப்பு நடக்கும். ஒருவர் கம்பெனிப் பேச்சாளர், சிலர் நிருபர்கள், ஒருவர் இறந்தவரின் உறவினர். யாருக்கு எது என்று சீட்டு எடுப்போம். முதல் வாரம் தாரணிக்கு வந்த சீட்டு இறந்தவரின் அக்கா. எனக்குப் பேச்சாளர். கட்டடத்திலிருந்து விழுந்து ஒரு தொழிலாளி இறந்துவிட்டான் என்பது கதை. உறவினர் வேடம் வந்தால் எல்லாரும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரிப்பதுதான் வழக்கம். தாரணி ஒரு நிமிடம் சுவரைப் பார்த்து நின்றாள். திரும்பியபோது கண்ணீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது. என் தம்பி காலையில் சாப்பிடாமல்தான் வந்தான், அவனுக்கு என்ன நடந்தது என்று நீ சொல்லு என்று கன்னடத்தில் கேட்டாள். எனக்கு எழுதிவைத்திருந்தது அத்தனையும் மறந்துவிட்டது. மேடம் கைதட்டினார்.

அன்றோடு அவளுக்குச் சீட்டு எடுக்கிற வேலை இல்லாமல் போயிற்று. வாராவாரம் இறந்தவரின் அக்கா அவள்தான். தீ விபத்தில் அக்கா, மருத்துவத் தவறில் அக்கா, பஸ் கவிழ்ந்ததில் அக்கா. இரண்டு முறை மேடத்திடம் போய், பேச்சாளராக நிற்கட்டுமா என்று கேட்டாள். ஒருமுறை விட்டார்கள். குறை சொல்ல முடியாமல் செய்தாள். மேடம் சிரித்துக்கொண்டே, நீ கம்பெனி மாதிரி இல்லையே, செத்தவர் வீட்டு ஆள் மாதிரிதானே இருக்கிறாய் என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ஒத்திகையைக் கேமராவில் பிடிப்போம். பாடம் பேச்சாளருக்குத்தானே, அவன் திக்கினால் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். திக்குகிறவன் கையைத் தூக்கினால் எல்லாரும் நிறுத்திவிடுவோம். அதிகம் திக்கியவன் நான். ஒரு மதியம் ஒன்பது முறை கையைத் தூக்கினேன். ஒன்பது முறையும் தாரணி அழுகையைக் குழாய் மாதிரி மூடி, துப்பட்டாவில் முகத்தைத் துடைத்து, மறுபடி முதலிலிருந்தா என்று கேட்டுவிட்டு, திரும்ப அழுதாள். பத்தாவதுதான் சரியாக வந்தது. அதைத் துறையின் யூடியூப் பக்கத்தில் ஏற்றினார்கள். மாணவர் சேர்க்கைக்கு உதவும் என்றார்கள். அதில் நான் அவள் பெயரைச் சொல்லி, கண்ணைப் பார்த்து, பொறுமையாகப் பேசுவேன். பார்க்க நன்றாகத்தான் இருப்பேன்.

படிப்பு முடிந்ததும் எனக்கு வைட்ஃபீல்டில் ஒரு விளம்பரத் தொடர்பு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. தாரணி ஏழெட்டு இடத்துக்குப் போனாள். எல்லா இடத்திலும் நன்றாகப் பேசுகிறீர்கள் என்றார்கள், யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் ஒரு ஆஸ்பத்திரியின் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்தாள். நான்கு பாஷை பேசுகிற ஆள் அவர்களுக்கு வேண்டியிருந்தது. எந்த வார்டு, எந்த மாடி, பிணவறைக்கு எந்தப் பக்கம் என்று சொல்லுகிற வேலை. வருடத்துக்கு ஒருமுறை நிருபமா மேடம் கூப்பிட்டால் லீவு போட்டுவிட்டுப் போய்ப் புது மாணவர்களுக்கு முன்னால் அழுதுவிட்டு, ஒரு சான்றிதழ் வாங்கி வருவாள்.

நரேஷ் படிப்பில் சுமார். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிற வேலைக்குப் போனான். அதில் ஆளுக்கு இரண்டு கயிறு வேண்டும். ஒன்று தொங்குவதற்கு, இன்னொன்று முதல் கயிறு அறுந்தால் பிடித்துக்கொள்வதற்கு. போன வருடம் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்கு, வைட்ஃபீல்ட் பக்கம் ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தான். அங்கேயே முடிந்துவிட்டது.

ஐம்பது நிமிடத்தில், அவனை வேலைக்கு வைத்திருந்த கட்டடப் பராமரிப்பு கம்பெனியின் அறிக்கை வந்தது. எங்கள் ஆபீசில் யாரோ அனுப்ப, அது யார் என்று தெரியாமலேயே படித்தேன். திரு. நரேஷ் அவர்களின் மறைவு ஆழ்ந்த வருத்தத்தைத் தருகிறது. அவர் தனது பாதுகாப்புக் கயிற்றை இணைத்துக்கொள்ளவில்லை என்று முதற்கட்ட விசாரணையில் தெரிகிறது. குடும்பத்தாருக்குத் துணை நிற்போம். படித்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. பிறகுதான் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தாரணியின் தம்பி என்று யாரோ போட்டார்கள்.

பிணவறை வாசலில் நரேஷோடு வேலை பார்த்தவன் ஒருவன் தாரணியிடம் உண்மையைச் சொன்னான். இணைத்துக்கொள்ள இரண்டாவது கயிறே அன்றைக்கு இல்லை. அதைக் காலையிலேயே வேறு கட்டடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு மணி நேர வேலைதானே, ஜல்தி முடித்துவிட்டு இறங்கு என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். சொன்னவன் தர்மபுரிக்காரன். மறுநாள் அவன் போன் அணைந்துவிட்டது.

அடக்கம் முடிவதற்குள்ளேயே சந்தில் பேச்சு கிளம்பிவிட்டது. பையன் அஜாக்கிரதையாக இருந்தானாம் என்றார்கள். இரண்டாவது நாள் குடித்திருந்தானாம் என்றார்கள். நரேஷ் டீ கூடக் குடிக்க மாட்டான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தனக்கோடியம்மாவைப் பார்க்க வந்தவர்கள் அவர் எதிரிலேயே, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை போதாது என்று உபதேசம் செய்துவிட்டு எழுந்து போனார்கள். அந்த அம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

தாரணிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டாம் நாள் மாலை என்னிடம் போனில் சொன்னாள்.

"அவன் மேல தப்பு இல்லன்னு ஒரு வாட்டி டிவில வரணும் கிஷோர். அவ்ளோதான். அம்மா அத்த காதால கேக்கணும்."

அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கன்னடத்தில் அரைப் பக்க அறிக்கை எழுதினாள். எல்லாச் செய்தியும் முதல் பத்தியிலேயே இருந்தது. பழைய நோட்டை எடுத்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டாள். திருப்பிக் கூப்பிட்டவர் ஒருவர்தான், ஷ்ரேயாஸ் என்று ஒரு கன்னடச் சேனலின் இளம் நிருபர். நல்ல மனிதர். கயிறு இல்லை என்பதை நீங்கள் நேரலையில் சொல்லுங்கள், பார்த்துவிட்டு அந்தத் தர்மபுரி ஆள் தைரியம் வந்து பேசுவான், அப்புறம் போலீஸ் தட்டிக்கழிக்க முடியாது என்றார். சரியான கணக்குத்தான். தாரணியும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் செய்தியில் இரண்டு நிமிடம் ஒதுக்கினார்கள். சந்தின் முனையில் கேமரா வைத்தார்கள். தாரணி என்னை வரச் சொல்லியிருந்தாள். கேமராமேனுக்குப் பக்கத்தில் நில்லு, தெரிந்த முகம் ஒன்று இருந்தால் பேச வரும் என்றாள். நான் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போய் நின்றேன்.

அவள் பேசியதைப் பற்றி இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. தேதி, நேரம், கட்டடம், இரண்டாவது கயிறு எங்கே போனது, யார் போகச் சொன்னது, எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில், ஒரு சொல் கூடுதலில்லாமல் கன்னடத்தில் சொன்னாள். அவள் ஆசைப்பட்ட மைக் கடைசியில் அவள் முன்னால்தான் இருந்தது. என் தம்பி நரேஷ் என்று சொல்ல வந்தபோது குரல் உடைந்தது. அழுதாள். நான் அவளை வகுப்பில் வாராவாரம் அழப் பார்த்தவன். அப்படி ஒரு அழுகையை அன்றுதான் பார்த்தேன். கழுத்து நரம்பு வெளியே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேன் ஏற்றிய ஆட்டோ ஒன்று சந்துக்குள் திரும்பியது. கேமராவை இடித்துவிடுவான் என்று பயந்து, அவனை நிறுத்தச் சொல்லி நான் கையைத் தூக்கினேன்.

தாரணி என் கையைப் பார்த்தாள். அழுகை நின்றது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். கேமராவைப் பார்த்து, தெளிவான குரலில் கேட்டாள்.

"மத்தெ மொதலிந்த ஹேள்லா சார்?"

மறுபடி முதலிலிருந்து சொல்லட்டுமா சார் என்று கர்நாடகம் முழுவதும் கேட்டது. ஷ்ரேயாஸின் முகம் வெளுத்துப்போய்விட்டது. ஸ்டுடியோவில் சட்டென்று விளம்பரம் போட்டார்கள். தாரணிக்கு என்ன நடந்தது என்று புரிய அரை நிமிடம் ஆனது. புரிந்ததும் சந்தின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்த ஐந்து விநாடி எல்லார் போனிலும் இருந்தது. மறுநாள் எங்களுக்குப் பின்னால் படித்த ஒரு மாணவன், துறைப் பக்கத்தில் கிடந்த பழைய வீடியோவைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் ஒட்டிப் போட்டான். இடது பக்கம் நான்கு வருடத்துக்கு முந்தைய தாரணி, வலது பக்கம் நேற்றைய தாரணி. இரண்டிலும் தம்பி செத்துவிட்டான் என்று அழுகிறாள், இரண்டிலும் ஒரே மாதிரி துடைக்கிறாள். கூலிக்கு அழுகிறவள், நீலிக் கண்ணீர், தம்பி என்று ஒருத்தன் இருக்கிறானா என்று பாருங்கள் என்றெல்லாம் எழுதினார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்று தமிழில் ஒருவன் எழுதியிருந்தான். நிருபமா மேடம் பயந்துபோய் யூடியூப் வீடியோவை எடுத்துவிட்டார். அதனால் இன்னும் மோசமானது. ஆதாரத்தை அழிக்கிறார்கள் என்று அதையும் ஒரு வீடியோவாகப் போட்டார்கள். சேனல் அந்தச் செய்தியைக் கைவிட்டது. தர்மபுரிக்காரன் பேசவேயில்லை. பொய்க்காரி என்று ஊரே சொல்கிறவளுக்குச் சாட்சி சொல்ல எவன் வருவான்?

ஐந்தாம் நாள் தாரணி எங்கள் ஆபீசுக்கே வந்தாள். கீழே பாதுகாவலர் அறைக்குப் பக்கத்தில் நின்று பேசினோம். ஷ்ரேயாஸ் அவளை இன்னும் நம்பினார். அந்த வகுப்பு வீடியோவில் இருப்பது நீங்கள்தானே, நீங்கள் முகம் காட்டி ஒரு நிமிடம் பேசினால் மறுபடி போட முயற்சி செய்கிறேன் என்று எனக்கும் செய்தி அனுப்பியிருந்தார். தாரணி கேட்டதும் அதுதான்.

"அது கிளாஸ்ல பண்ணதுன்னு சொல்லு. நீ கையத் தூக்கினதால நான் நிறுத்தினேன்னு சொல்லு. வேற எதுவும் வேணாம்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் கையைத் தூக்கியதைப் பார்த்துத்தான் அவள் நிறுத்தினாள் என்பது அதுவரை எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேமராவில் நான் விழவில்லை.

"கிளாஸ்ல அழுகை எப்டி வருதுன்னு எல்லாரும் கேப்பீங்க இல்ல?" என்றாள். "நரேஷ் செத்துட்டான்னு நெனச்சுக்குவேன். அப்பாவ நெனச்சா கோவந்தான் வரும், அழுகை வராது. அதான் இவன நெனச்சுக்குவேன். இத்தினி வருசம் நெனச்சு நெனச்சு, அன்னிக்கி நெஜமா வந்ததையும் உன் கையப் பார்த்ததும் மூடிட்டேன் கிஷோர்."

சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவைத்தேன். எனக்கு அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. ஊழியர்கள் அனுமதி இல்லாமல் ஊடகத்தில் பேசக்கூடாது என்பது எங்கள் ஆபீஸ் விதி. என் மேலதிகாரி பாலகுமாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தடுத்திருந்தால் இன்று அவரைத் திட்டிக்கொண்டாவது இருக்கலாம். அவர் தடுக்கவில்லை. அந்தப் பராமரிப்பு கம்பெனி நாளைக்கு நமக்கு வாடிக்கையாளராக வரலாம், இருந்தாலும் இது உங்கள் சொந்த விஷயம், உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். என் இஷ்டம் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தாரணிக்குப் போன் செய்தேன். அவள் பெயரைச் சொல்லி ஆரம்பித்தேன். உன் வேதனை எனக்குப் புரிகிறது என்றேன். இப்போது பேசினால் மறுபடி கிளறின மாதிரி ஆகும், கொஞ்ச நாள் ஆறட்டும், சரியான நேரம் பார்த்துச் செய்யலாம் என்றேன். நிதானமாக, குரல் உயராமல், ஒரு இடத்திலும் திக்காமல் சொன்னேன். முடியாது என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. மன்னிப்பு என்ற சொல்லும் இல்லை. அவள் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, ஆத்து, சரி கிஷோர், அம்மா கூப்பிடுறாங்க என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஷ்ரேயாஸின் செய்திக்கு நான் பதில் அனுப்பவில்லை. அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமானது. இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவு என்று போலீஸ் எழுதி முடித்தது. ஆஸ்பத்திரிக் கவுண்டரில் வருகிறவர்கள் தாரணியை அடையாளம் கண்டு போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்ததால், அவளை உள்ளே பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை. நான்கு பாஷை தெரிந்தவள் நாள் முழுக்க வாயைத் திறக்காமல் கோப்புகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தாள். வீட்டிலும் அப்படித்தான் என்று வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள். சந்தில் கரண்ட் போனால் இப்போது யாரும் அவளைக் கூப்பிடுவதில்லையாம்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனசு கேட்காமல், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். துணிச்சல் என்று நினைக்க வேண்டாம். தாரணி அந்த நேரத்தில் டியூட்டியில் இருப்பாள் என்று விசாரித்துக்கொண்டுதான் போனேன்.

தனக்கோடியம்மா கதவைத் திறந்தார். பாதியாக இளைத்திருந்தார். தம்பி வா, குந்து என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் தாரணியின் நல்ல சிநேகிதன் என்றுதான் அவருக்குத் தெரியும். டிவிக்குப் பக்கத்தில் கப்புகளோடு நரேஷின் படமும் இருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல் வெயிலைப் பற்றிப் பேசினேன். அவர் காதில் அது விழவில்லை. உள்ளே போய்ப் போனை எடுத்துவந்தார். பக்கத்து வீட்டுப் பெண் அந்த வீடியோவை அதில் ஏற்றிக்கொடுத்திருக்கிறாள். இடது பக்கம் பழைய தாரணி, வலது பக்கம் புதிய தாரணி. இடது பக்கத்தில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு நானும் நிற்கிறேன்.

"நான் படிக்காதவ தம்பி," என்றார். "இதுலயும் தம்பி செத்துட்டான்னு அழுவுறா. அதுலயும் அழுவுறா. ரெண்டும் ஒரே மாரிதான் கீது. எல்லாரும் கேக்குறாங்கோ. எனக்கே தெரியல. பெத்த பிள்ளைகிட்ட, நீ உன் தம்பிக்கு நெஜமா அழுதியான்னு எப்டிக் கேக்குறது? மூணு மாசமா அவளும் சொல்லல, நானும் கேக்கல. கூடப் படிச்ச ஆளு, நீ சொல்லு. அன்னிக்கி அவ நெஜமாத்தான் அழுதாளா?"

தாய்க்கும் மகளுக்கும் நடுவில் மூன்று மாதமாக என்ன கிடந்தது என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலாவது வகுப்பில் பாடத்துக்காகச் செய்தது, இரண்டாவது அவள் உயிர் போகிற மாதிரி அழுதது, ஆட்டோ வந்தது, நான் கையைத் தூக்கியது, என் கையைப் பார்த்துத்தான் அவள் நிறுத்தினாள் என்பது, அதை டிவியில் வந்து சொல்லச் சொல்லி அவள் கேட்டது, நான் போகாதது. திக்கித் திக்கித்தான் வந்தது.

தனக்கோடியம்மா கோபப்படவில்லை. அழவுமில்லை. போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டார். கடைக்குப் போய்விட்டு வரும் பிள்ளையிடம் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டார்.

"இத்த அன்னிக்கே வந்து சொல்லியிருக்கலாமேப்பா."

நான் எழுந்து வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டேன். ஆரஞ்சுப் பழப் பையை அவர் என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.